'இருக்கட்டும்' என்ற சொல்லை உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

கோத்தகிரிக்குப் பக்கத்தில், படுகர்கள் வாழும் ஹட்டி ஒன்றிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். வரும் செப்டம்பரில் முதுகலைப் படிப்புக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போகிறார். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் 7.5 வாங்கிவிட்டார். ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் காணொளிகளைப் பார்த்தால் பாதி புரியவில்லை என்கிறார். வீட்டில் படுகு, கடைவீதியில் தமிழ், பள்ளியில் மட்டும் ஆங்கிலம் என்று வளர்ந்தவர். அவருடைய கேள்விகள் மூன்று. போவதற்கு முன்பே மனப்பாடம் செய்துகொள்ள, பேச்சுவழக்கு ஆங்கிலத் தொடர்களின் பட்டியல் ஏதாவது இருக்கிறதா? தவறாகப் பேசினால் சிரிப்பார்களா? எவ்வளவு நாளில் பழகும்?

நான் 2006-ல் அதே லீட்ஸுக்கு ஓராண்டு படிக்கப் போனவள். அப்பா குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதினார். திரும்பி வந்ததிலிருந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதே என் தொழில். இந்தக் கேள்வி என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பட்டியல் வேண்டாம் அம்மா. இணையத்தில் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், அதனால்தான் சொல்கிறேன். பட்டியல் ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைப் பொருளாகத் தரும். பேச்சுவழக்குக்கு அது போதாது. யார் சொன்னார்கள், யாரிடம் சொன்னார்கள், எந்த நேரத்தில், எப்படிப்பட்ட முகத்தோடு என்பதில்தான் பாதிப் பொருள் இருக்கிறது. அந்தப் பாதி பக்கத்தில் நின்று கேட்கிறவருக்கு மட்டுமே கிடைக்கும். ஒரு சொல்லைக் கேட்டுப் புரிந்துகொள்வது ஒரு கட்டம். அதை நாமே எடுத்துப் பேசும் உரிமை பெறுவது, அதற்கு நெடுநாள் கழித்து வரும் இன்னொரு கட்டம். பட்டியலை மனப்பாடம் செய்கிறவர்கள் முதல் கட்டத்தைத் தாண்டாமலே இரண்டாவதில் கால் வைத்துவிடுகிறார்கள்.

கேட்டுக் கற்பது உங்களுக்குப் புதிதும் அல்ல. உங்கள் பாட்டி தமிழ் பேசுகிறார் என்றால், எங்கே கற்றார் என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஹட்டிப் பாட்டிகள் யாரும் தமிழைப் பள்ளியில் படிக்கவில்லை. சந்தையில் பேரம் பேசி, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் காய்கறி மூட்டைகளுக்குக் கணக்குக் கேட்டு, பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் வரிசையில் நின்று கற்றார்கள். கோத்தகிரியிலிருந்து மலை இறங்கும் பஸ்ஸில் ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள். படுகு, மலையாளம், கன்னடம், கோவைத் தமிழ், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் தமிழ் எல்லாம் ஒரே பஸ்ஸில் வரும். அந்தப் பஸ்ஸில் வளர்ந்த காது உங்களுடையது. பெருநகரத்தில் ஒரே மொழிக்குள் வளர்ந்த பிள்ளைகளைவிட நீங்கள் நன்றாகவே தயாராக இருக்கிறீர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது ஒரு சொல்லைப் பார்ப்போம். விருந்துக்குப் போன வீட்டில் இன்னொரு தோசை வைக்க வருகிறார்கள். "இருக்கட்டும்" என்கிறீர்கள். அகராதியை வைத்துத் தமிழ் கற்ற ஒருவர் இதைக் கேட்டால், தோசை தட்டில் இருக்கட்டும் என்று சொல்கிறீர்கள் என நினைத்து வைத்துவிடுவார். வேண்டாம் என்ற பொருள் அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை. ஆனால் நமக்கு அதைத் தவிர வேறு பொருள் தோன்றுவதே இல்லை.

லீட்ஸில் முதல் வாரம் எனக்கு இதேதான் நேர்ந்தது. விடுதிச் சமையலறையில் தேநீர் போட்டு, உடன் தங்கியிருந்த ஒரு பெண்ணிடம் நீட்டினேன். "ஐ ஆம் ஆல்ரைட், தேங்க்ஸ்" என்றாள். நலமாக இருப்பதாகச் சொல்கிறாள், அடுத்து வாங்கிக்கொள்வாள் என்று கோப்பையை நீட்டியபடியே நின்றேன். அவள் மீண்டும் ஒரு முறை, இன்னும் மென்மையாக, அதையே சொன்னாள். பிறகுதான் புரிந்தது, அது அவர்களுடைய 'இருக்கட்டும்'. 'ஐ ஆம் குட்', 'ஐ ஆம் ஃபைன்' இரண்டும் அந்த இடத்தில் அதே வேலையைத்தான் செய்யும்.

அதே 'ஆல்ரைட்' இன்னொரு வேலையும் செய்கிறது. எதிரே வருகிறவர் "யூ ஆல்ரைட்?" என்பார். நம்முடைய முகத்தில் ஏதோ வாட்டம் தெரிகிறதோ என்று திகைக்க வேண்டாம். கடைவீதியில் தெரிந்தவரைப் பார்த்தால் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கிறோமே, அதற்கு யாரும் என்ன குழம்பு என்று விவரிப்பதில்லை. "ஆல்ரைட்" என்றோ "யெஸ், யூ?" என்றோ நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போகலாம். "வீ மஸ்ட் கெட் எ காஃபி சம்டைம்" என்பதும் இந்த வகைதான். "ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாருங்கள்" என்று நாம் சொல்வதில்லையா? நாளும் நேரமும் சேர்த்துச் சொல்லும் வரை அது அழைப்பு அல்ல, அன்பு. அழைத்துவிட்டு மறந்துவிட்டார்களே என்று மனம் நொந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தேயிலை மலையில் பிறந்தவள் நான். 'டீ' என்ற சொல்லே எனக்குப் புரியாமல் போகும் என்று ஒருபோதும் எண்ணியதில்லை. படிப்பு நடக்கும் காலத்தில் மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நான் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை பார்த்தேன். அங்கே ஐம்பது வயதைத் தாண்டிய, லீட்ஸ் அடங்கிய யார்க்‌ஷயரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு அம்மாள் இருந்தார். ஒரு நாள் என்னையும், எங்களோடு வேலை செய்த ஒரு ஜெர்மன் மாணவனையும் அழைத்தார்: "கம் ரவுண்ட் ஃபார் யுவர் டீ. தேர்ஸ்டே, ஹாஃப் ஃபைவ்." ஹாஃப் ஃபைவ் என்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. நம் ஐந்தரையைப் போலவே ஐந்தும் அரையும். ஜெர்மன் மாணவனோ நாலரை மணிக்கே போய்க் கதவைத் தட்டிவிட்டான். அவன் மொழியில் 'அரை ஐந்து' என்றால் ஐந்தை எட்ட அரை மணி இருக்கிறது என்று பொருள்.

நான் சிக்கிக்கொண்டது 'டீ'யில். மாலைத் தேநீருக்குத்தான் அழைக்கிறார், கூட இரண்டு பிஸ்கெட் இருக்கும் என்று நினைத்து, நாலு மணிக்கே வயிறாரச் சோறும் ரசமும் சாப்பிட்டுவிட்டேன். ஊரிலிருந்து கொண்டு போயிருந்த தேயிலைத்தூள் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போனால் மேசையில் தட்டும் கத்தியும் முள்கரண்டியும் வைத்திருந்தார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய, 'பை' என்ற மாவுப் பண்டம், வேகவைத்த உருளைக்கிழங்கு, பட்டாணி, மேலே ஊற்றக் குழம்பு. வட இங்கிலாந்தில் பலருக்கு 'டீ' என்பது மாலைச் சாப்பாடு. 'டின்னர்' என்பது நடுப்பகல் சாப்பாடு. அவர் எனக்காகவே சமைத்திருந்தார். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் நான் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து மூக்கருகே வைத்து நெடுநேரம் முகர்ந்தார். பிறகு "ஷல் ஐ மாஷ்?" என்றார். மாஷ் என்றால் உருளைக்கிழங்கை மசிப்பது என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். அவரோ கொதிக்கும் நீரைத் தேநீர்க் கலத்தில் ஊற்றி, தூளைப் போட்டு மூடி, கம்பளி உறையால் போர்த்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். தேயிலையை நீரில் ஊறவிடுவதற்கு அந்தப் பக்கத்துச் சொல் அதுதான். எங்கள் வீட்டில் பாலையும் தண்ணீரையும் தூளையும் இஞ்சியையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிடுவோம் என்று சொன்னேன். அதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். "டீ போடுவது" என்றேன். அந்த இரண்டு சொற்களையும் அன்று முழுவதும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகினார். அடுத்த வாரம் சமையலறையில் என்னைப் பார்த்ததும் "டீ போடு?" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பேச்சுவழக்கு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுவதை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான்.

அவரிடமிருந்தே இன்னொன்றும் கற்றேன். "யூ ஆர் ஆன் வைல் சிக்ஸ்" என்பார். 'வைல்' என்றால் 'அப்போது' என்று படித்த எனக்கு, வாக்கியம் முடியாமல் தொங்குவதாகத் தோன்றும். யார்க்‌ஷயரில் வயதானவர்கள் பேச்சில் 'வைல்' என்றால் 'வரை'. ஆறு மணி வரை உனக்கு வேலை என்று சொல்லியிருக்கிறார். இதை எந்தத் தேர்வுப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லித் தராது.

அடுத்தது மரியாதை. என் மாணவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. "தண்ணீர் கொடு" என்பதற்கும் "தண்ணீர் கொடுங்கள்" என்பதற்கும் உள்ள தூரம் அந்தக் 'கள்'ளில்தான். ஆங்கிலத்தில் அந்த வால் கிடையாது. நீ, நீங்கள் இரண்டுக்கும் 'யூ' ஒன்றுதான். ஆகவே நாம் மனதுக்குள் மரியாதையோடு 'கொடுங்கள்' என்று நினைத்து "கிவ் மீ வாட்டர்" என்கிறோம். கேட்பவர் காதில் 'கொடு' என்று விழுகிறது. 'ப்ளீஸ்' சேர்த்தாலும் அதிகாரத் தொனி முழுதாகப் போவதில்லை. அவர்கள் மரியாதையைச் சுற்றிவளைப்பதில் வைக்கிறார்கள். "குட் ஐ கெட்", "யூ குடுன்ட் பாஸ் மீ தட், குட் யூ?", "ஐ வாஸ் ஜஸ்ட் வொண்டரிங் இஃப்" என்றெல்லாம் வரும். கடைசித் தொடரைக் கவனியுங்கள். இப்போது கேட்பதை இறந்தகாலத்தில் சொல்கிறார்கள். நாமும் "உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று இருந்தேன்" என்றுதானே தொடங்குகிறோம்? எதிரில் இருப்பவர் மறுக்க இடம் விட்டுக் கேட்பது இரண்டு மொழிக்கும் பொது. நண்பர்களிடம் பேசும்போதும் இந்தச் சுற்றிவளைப்பு வேண்டும். பேச்சுவழக்கு என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது.

பேராசிரியர்களின் பேச்சிலும் இதையே எதிர்பாருங்கள். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு "யூ மைட் வாண்ட் டு லுக் அட் திஸ் அகெய்ன்" என்றால், விருப்பமிருந்தால் பாருங்கள் என்பதல்ல. இதைத் திருத்தியே ஆக வேண்டும். "க்வைட் குட்" என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் "ஏதோ, பரவாயில்லை" என்ற அளவுதான். அதையே அமெரிக்கர் சொன்னால் நன்றாகவே இருக்கிறது என்று மகிழலாம். ஆனால் "நாட் பேட்" என்று சொல்லி அவர் முகமும் மலர்ந்திருந்தால் அது உண்மையான பாராட்டு. "பார்க்கலாம்" என்று நம் ஊர்ப் பெரியவர் சொல்லும்போது அது சம்மதமா மறுப்பா என்று குரலிலேயே தெரிந்துகொள்கிறீர்களே, அந்தக் காதுதான் இங்கேயும் வேண்டும்.

பட்டியல் வேண்டாம் என்றேன். ஒன்றுக்கு மட்டும் விலக்குத் தருகிறேன். கிளம்புவதற்கு முன் இதைப் படிக்கலாம். உங்களுக்குப் பாதி புரியாமல் போவதற்குக் காரணம் கடினமான சொற்கள் அல்ல, எளிய சொற்கள். பள்ளியும் தேர்வும் உங்களுக்கு 'டாலரேட்', 'போஸ்ட்போன்', 'டிஸ்கவர்' என்ற பெரிய சொற்களைக் கொடுத்தன. அவர்கள் வீட்டில் பேசுவது 'புட் அப் வித்', 'புட் ஆஃப்', 'ஃபைண்ட் அவுட்'. சின்ன வினையோடு ஒரு சின்ன ஒட்டு. பொருள் எங்கேயோ போய்விடுகிறது. தமிழர்கள் இதைக் கண்டு மலைக்கக் கூடாது, ஏனென்றால் நம் துணைவினைகள் செய்யும் வேலையும் இதுதான். 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறு. முதலாவது 'லுக்', இரண்டாவது 'லுக் ஆஃப்டர்'. 'வந்தான்' வேறு, 'வந்து சேர்ந்தான்' வேறு, 'வந்து தொலைந்தான்' முற்றிலும் வேறு. கடைசியில் இருக்கும் சலிப்பை அகராதியில் 'தொலை' என்ற சொல்லைப் பார்த்து யாரால் கண்டுபிடிக்க முடியும்? 'பாப் இன்' என்பதை எனக்கு ஒருவர் 'விசிட்' என்று விளக்கினார், மனதில் ஒட்டவில்லை. 'எட்டிப் பார்த்துவிட்டுப் போவது' என்று நானே தமிழில் எழுதிய நாளிலிருந்து அது மறக்கவே இல்லை. இப்படி நூறு வினைகளை, நல்ல தமிழ்த் துணைவினைகளோடு இணைத்துப் படித்துக்கொண்டு போங்கள். காணொளிகளில் புரியாத பாதியில் பெரும்பகுதி தெளிந்துவிடும்.

ஒலியும் ஒரு தடை. தேர்வில் கேட்ட ஒலிப்பதிவு ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைக்கும். தெருப்பேச்சில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கும். லீட்ஸ் பக்கம் 'தி' என்ற சொல் தொண்டையில் மூச்சை ஒரு கணம் நிறுத்தும் வெறும் தடுப்பாகக் குறுகிவிடும். இதற்குப் பயிற்சி கேட்பது ஒன்றுதான். இரண்டு மாதத்தில் காது தானே பிரித்துக்கொள்ளும்.

பேச்சுவழக்குச் சொற்கள் எப்படிப் பிறந்து ஊர்விட்டு ஊர் போகின்றன என்று பார்க்க நீங்கள் வெளிநாடு போகவே வேண்டியதில்லை. ஊட்டிக்குப் போனால் போதும். லண்டன் அருகே வூல்விச் ராணுவ அகாடமியில் முதலாண்டு மாணவர்களை, ஒன்றும் தெரியாதவர்கள் என்ற பொருளில், 'ஸ்னூக்கர்' என்று அழைக்கும் வழக்கம் இருந்தது. 1875-ல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லைன் என்ற இளம் அதிகாரி (பின்னாளில் பிரதமரான சேம்பர்லைன் வேறு ஒருவர்), பில்லியர்ட்ஸ் மேசையில் புதிதாக ஆடிப் பார்த்த ஒரு விளையாட்டில் குறி தவறிய தோழரை அந்தச் சொல்லால் கூப்பிட்டார். அதுவே விளையாட்டின் பெயராக நிலைத்தது. 1882-ல் அதன் விதிகள் வகுக்கப்பட்டது நம் ஊட்டி கிளப்பில். அடிக்க வேண்டிய பந்துக்கு நேர்வழி அடைபட்டு நிற்கும் நிலைக்கும் அதே பெயர். இன்று வழி எல்லாம் அடைபட்டுத் திணறும் எவரும் இங்கிலாந்தில் "ஐ ஆம் ஸ்னூக்கர்ட்" என்று சொல்லக்கூடும். எதிர்த்திசையிலும் சொற்கள் பயணம் போயின. 'ஹேவ் எ டெக்கோ' என்றால் ஒரு பார்வை பார் என்று பொருள். அந்த 'டெக்கோ' நம் நாட்டு இந்தியின் 'தேகோ'. சிரமமில்லாத வேலையை 'குஷி' என்கிறார்களே, அதற்கும் மூலம் நாம் அறிந்த குஷிதான். மல்லிகடானி என்ற சூப்பு நம் மிளகுத் தண்ணீர். இவற்றை எடுத்துச் சென்ற சிப்பாய்கள் இந்தி இலக்கணமோ தமிழ் இலக்கணமோ படித்தவர்கள் அல்ல. சமையல்காரரோடும் கடைக்காரரோடும் நாள்தோறும் பழகினார்கள், சொற்கள் ஒட்டிக்கொண்டன.

உங்களுக்கும் அந்தப் பழக்கம் கிடைக்கும் இடங்களைத் தேடிக்கொள்ள வேண்டும். வகுப்பறை போதாது. முதுகலை வகுப்புகளில் உடன் படிப்பவர்கள் பல நாட்டவர். நீங்கள் கேட்பது பெரும்பாலும் சீன, நைஜீரிய, கிரேக்க மாணவர்களின் ஆங்கிலம். அது நல்ல நட்பைத் தரும், ஆனால் அந்த ஊரின் பேச்சைத் தராது. பொதுச் சமையலறை உள்ள விடுதியில் அறை எடுங்கள். தனிச் சமையலறை வசதியாகத்தான் இருக்கும், ஆனால் மாலையில் நீங்கள் கேட்க வேண்டிய பேச்செல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும். பகுதிநேர வேலையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், தனியாகப் பெட்டி அடுக்கும் வேலையைவிட நாலு பேரோடு நின்று செய்யும் வேலை நல்லது. லீட்ஸில் கிர்க்கேட் சந்தை இருக்கிறது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம் 1884-ல் ஒரு பென்னி கடையாகத் தொடங்கியது அங்கேதான். வாரம் ஒரு முறை காய்கறியை அங்கே வாங்குங்கள். கடைக்காரர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் அங்கே நடப்பது ஒரு வகுப்புக்குச் சமம். அதற்காகத் தமிழ் நண்பர்களை ஒதுக்கிவிடாதீர்கள். நவம்பர் மாதத்தில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரில், தமிழில் பேச ஒருவர் வேண்டும்.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். 1930-களில் நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த மொழியியலாளர் எமனோ, எழுத்தில் இல்லாத அந்த மொழிகளைப் பேசுகிறவர் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுத்தான் எழுதினார். நீங்களும் அப்படியே எழுதுங்கள். கேட்ட தொடர், சொன்னவர் யார், யாரிடம், எப்போது என்று எழுதிவிட்டு, கடைசியாக அந்த இடத்தில் நம் வீட்டில் என்ன சொல்லியிருப்போம் என்று எழுதுங்கள். தமிழிலோ படுகிலோ, எது முதலில் வாயில் வருகிறதோ அதில். 'ஐ ஆம் ஈஸி' என்பதற்கு எதிரே 'எனக்கு எதுவானாலும் சரி' என்று எழுதியிருந்தேன். 'ஐ ஆம் நாட் பீயிங் ஃபன்னி, பட்' என்பதற்கு எதிரே 'தப்பாக நினைக்காதீர்கள், ஆனால்' என்று இருந்தது. அதற்குப் பிறகு வருவது எப்போதுமே கொஞ்சம் சுடும் என்பதும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ஒரு தொடரை வெவ்வேறு மூன்று பேர் வாயில் கேட்கும் வரை நான் பயன்படுத்தியதில்லை. இந்த விதியை உங்களுக்கும் சொல்கிறேன்.

பயன்படுத்துவதில் ஏன் இவ்வளவு எச்சரிக்கை? 'டா' என்ற எழுத்தை நினைத்துப் பாருங்கள். நண்பனிடம் அது அன்பு. நேற்றுத் தமிழ் கற்ற ஒருவர் உங்கள் தாத்தாவிடம் அதைச் சொன்னால்? ஆங்கிலத்திலும் அப்படிப்பட்ட சொற்கள் நிறைய. குறிப்பாக வசைச்சொற்கள். நண்பர்கள் சிரித்துக்கொண்டே ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள்; அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பல ஆண்டு நட்பு இருக்கிறது. அவற்றைப் புரிந்துகொள்ளுங்கள், வாயில் எடுக்காதீர்கள். இன்னொரு பக்கம், பஸ் ஓட்டுநரோ கடைக்காரப் பெண்ணோ உங்களை 'லவ்' என்று அழைத்தால் திடுக்கிட வேண்டாம். கோவைப் பக்கம் 'கண்ணு' என்று அழைப்பார்களே, அதேதான். நாட்டிங்காம் பக்கம் 'டக்', நியூகாசிலில் 'பெட்', கிளாஸ்கோவில் 'ஹென்'. அன்போடு வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் உச்சரிப்பைப் போலி செய்யவும் வேண்டாம். தெளிவாகப் பேசும் நீலகிரி உச்சரிப்புக்கு எந்தக் குறையும் இல்லை.

நாம் கொண்டு போகும் ஆங்கிலத்தில் சில தொடர்கள் அங்கே வேறு பொருள் தரும். ஒரு கருத்தரங்கில் கையை உயர்த்தி "ஐ ஹேவ் எ டவுட்" என்றேன். விரிவுரையாளர் முகம் சட்டென்று இறுகியது. தன் வாதத்தை நிறுவுவதற்கு ஐந்து நிமிடம் பேசினார். நான் கேட்க நினைத்ததோ ஒரு சொல்லுக்கு விளக்கம். நம்முடைய 'சந்தேகம்' கேள்வியையும் குறிக்கும், நம்பாமையையும் குறிக்கும். அவர்களுடைய 'டவுட்' நம்பாமை மட்டுமே. 'க்வெஸ்சன்' என்று சொல்லியிருக்க வேண்டும். 'பாஸ்டு அவுட்' என்றால் அங்கே பட்டம் பெற்றதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மயங்கி விழுந்ததாக எண்ணுவார்கள். விடைபெறும்போது 'ஐ வில் கோ அண்ட் கம்' என்றால் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று காத்திருப்பார்கள். நம் 'போய்விட்டு வருகிறேன்' அவ்வளவு அழகான தொடர். அதைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சிரிப்பார்களா என்று கேட்டீர்கள். மிகவும் அரிது. அங்கே சிக்கல் வேறு. யாரும் திருத்த மாட்டார்கள். தவறாகச் சொன்னாலும் புரிந்துகொண்டு, நாகரிகத்துக்காக அப்படியே கடந்து போவார்கள். நீங்கள் அந்தத் தவறை ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே நம்பிக்கையான ஒருவரிடம், என்னைத் திருத்துங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அந்தச் சமையலறை அம்மாள் இருந்தார். புரியாதபோது தலையாட்டாதீர்கள். "சாரி, வாட் டஸ் தட் மீன்?" என்று உடனே கேளுங்கள். தங்கள் ஊர்ச் சொல்லை விளக்கச் சொன்னால் மகிழாதவர் எந்த நாட்டிலும் இல்லை.

எவ்வளவு நாள்? என் அனுபவத்தில், காதுக்கு இரண்டு மூன்று மாதம். வாய்க்கு அதன் இரு மடங்கு. பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பது எனக்கு கிறிஸ்துமஸ் விடுமுறை வரை கைகூடவில்லை. அங்கே அதுதான் முறை, 'சார்' என்றால் அவர்களுக்குத்தான் கூச்சம். சில நாள்கள் ஒன்றுமே முன்னேறவில்லை என்று தோன்றும். அப்போது குறிப்பேட்டின் முதல் பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள்.

போய் இறங்கிய முதல் நாளே ஒன்று செய்யுங்கள். லீட்ஸ் பஸ்களில் ஏறுவதும் இறங்குவதும் ஓட்டுநருக்குப் பக்கத்திலிருக்கும் முன்கதவு வழியாகத்தான். இறங்கும் ஒவ்வொருவரும் அவரிடம் ஏதோ ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்குவார்கள். ஜன்னலோரம் உட்காராமல் முன்னால் உட்கார்ந்து கேளுங்கள். சிலர் 'தேங்க் யூ' என்பார்கள், சிலர் 'சியர்ஸ்', வயதானவர்கள் 'டா, லவ்'. இந்த 'டா' நம் 'டா' அல்ல; மூன்றுமே நன்றிதான். உங்கள் நிறுத்தம் வருவதற்குள் ஏழெட்டுப் பேர் இறங்கியிருப்பார்கள். அதற்குள் உங்களுக்கானதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.